கிரெஷைப் பூட்டும் நாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கிரெஷ், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம், நடத்துகிறவர்கள் 2020 மார்ச்சை நாள் கணக்காகச் சொல்வார்கள். 15ஆம் தேதி ஞாயிறு இரவு கொரோனாவுக்காகத் தேசியப் பேரிடர் அறிவிப்பு. 18ஆம் தேதி புதன்கிழமை பள்ளிகள் மூடின. 26ஆம் தேதி நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. 21 நாள் என்றுதான் பேச்சு. சின்னப் பிள்ளைகளின் கிரெஷ்களுக்கு வழி பிறந்ததோ ஜூலை 6 அன்று, பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு. மூன்று வாரத்துக்குப் பருப்பு வாங்கி வைத்தவர்கள் ஏறக்குறைய 16 வாரம் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு திறக்காமலே போன கிரெஷ்கள் உண்டு. முதல் இரண்டு நாளில் எடுக்காமல் விட்ட கணக்குதான் அவற்றில் பலவற்றைச் சாய்த்தது என்பது எங்கள் கணிப்பு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டொங்காட் என்று டர்பனைச் சுற்றிய பகுதிகளில் வீட்டின் பின்கட்டிலும் கராஜிலும் கோவில் மண்டபத்திலும் 20, 30 பிள்ளைகளை வைத்து நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். பெரிய பள்ளியோடு ஒட்டிய கிரெஷுக்கு ஆபீஸ் உண்டு, கணக்குப் பார்க்க ஆள் உண்டு. அவர்கள் பாடு வேறு.

மூடச் சொல்லி உத்தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மருந்து அலமாரி. மெர்பேங்க் பக்கம் ஆலைப் புகையில் வளரும் பிள்ளைகளில் ஆஸ்துமா பம்ப் இல்லாத வகுப்பு அபூர்வம். அந்த பம்ப்பும் அதில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் கிரெஷ் அலமாரிக்குள் மாட்டிக்கொள்ள, பிள்ளை வீட்டில் மூச்சு வாங்கும். சாவி வைத்திருக்கும் டீச்சர் ஊரடங்கில் வெளியே வர முடியாது. பம்ப், வலிப்பு மருந்து, அலர்ஜி மருந்து எல்லாவற்றையும் பெயர் எழுதிய பையில் போட்டு, அழைத்துப் போகிறவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பையைக் கொண்டுபோகிறவர் டாக்சி ஓட்டுகிற அண்ணனாக இருந்தால் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது டாக்சியின் டேஷ்போர்டிலேயே ஒரு வாரம் வெயிலில் கிடக்கும்.

அடுத்தது போன் நம்பர். சேர்க்கைப் படிவத்தில் உள்ள நம்பர் பாதிக்குப் பாதி செத்துப்போயிருக்கும், ப்ரீபெய்ட் சிம் அப்படி. அன்றே, கதவடியில் வைத்தே, ஒரு பிள்ளைக்கு மூன்று நம்பர் வாங்குங்கள்: அம்மா அல்லது அப்பா, வீட்டில் இருக்கும் ஆயா (பாட்டி) அல்லது தாத்தா, பக்கத்து வீடு. தாளில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தவர்கள் போன் உடைந்த அன்று முப்பது குடும்பத்தையும் தொலைத்தார்கள்.

கட்டடத்தைப் பூட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. டர்பன் ஈரக்காற்றுக்கு, படுக்கவைத்து அடுக்கிய மெத்தைகள் மூன்றாவது வாரமே பூசணம் பிடிக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிமிர்த்தி, இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜைக் காலிசெய்து, அணைத்து, கதவிடுக்கில் ஒரு துணிச்சுருளைச் செருகுங்கள். பிரித்த மீலி மீல் (சோள மாவு) மூட்டையை விட்டுவைக்காதீர்கள், வண்டும் எலியும் விருந்து வைத்துக்கொள்ளும். அதைப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம். மணல்தொட்டியை மூடாவிட்டால் தெருப் பூனைகளுக்கு அதுதான் கக்கூஸ், திரும்பத் திறக்கும்போது மணல் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். கேஸ் சிலிண்டர், கீசர் இரண்டையும் அணைத்தாயிற்றா என்று ஒருவர் பார்த்தது போதாது, இன்னொருவரும் பார்க்கட்டும்.

இவ்வளவும் இரண்டு மணி நேர வேலை. பணக் கணக்குக்கு இரண்டு நாள் வேண்டும். அங்கேதான் கிரெஷ் பிழைப்பதும் போவதும்.

ஓர் உதாரணக் கணக்கு. 30 பிள்ளைகள், மாதக் கட்டணம் 900 ராண்ட், வரவு 27,000. செலவு: மூன்று டீச்சர்களுக்கு 4,500 வீதம் 13,500, வாடகை 5,000, சாப்பாடு 4,500, கரண்ட்டும் தண்ணீரும் 1,500, சோப்பு, குழந்தை நாப்கின் வகை 800, போன், இன்ஷூரன்ஸ் 700. ஆக 26,000. மிச்சம் ஆயிரம். இப்போது மூடிவிட்டால் நிற்காத செலவு எது என்று பாருங்கள்: வாடகை 5,000, போன்-இன்ஷூரன்ஸ் 700, அடிப்படைக் கரண்ட் 400, சம்பளத்தில் 60 சதவீதம் கொடுப்பதென்றால் 8,100. ஆக 14,200. முப்பதால் வகுத்தால் பிள்ளைக்கு 473 ராண்ட்; கிட்டத்தட்டப் பாதிக் கட்டணம். இடத்தைப் பிடித்து வைக்கும் கட்டணம் என்று பெற்றோரிடம் இதைக் கேட்பார்கள், நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் ஊரடங்கில் 30 பேரும் கட்டமாட்டார்கள். 20 பேர் கட்டினால் பெரிய விஷயம். அந்த 20 பேர் தலையிலேயே முழுச் செலவையும் ஏற்றினால் ஆளுக்கு 710 ராண்ட். பிள்ளை வீட்டில், சாப்பாடு வீட்டில், பிறகு எதற்கு 710 என்று கேட்பார்கள், பதில் இருக்காது. அதனால் 473க்கு மேல் ஏற்றாதீர்கள். 20 பேரிடமிருந்து வருவது 9,460, துண்டு விழுவது 4,740. இந்தத் தொகையையும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே முதல் போன் பெற்றோருக்குப் போகக் கூடாது, கட்டடத்துச் சொந்தக்காரருக்குப் போக வேண்டும். வாடகையைத் தள்ளிவைப்பதா, பாதியாக்குவதா, முன்பணத்தில் கழிப்பதா என்பதை அந்த வாரமே பேசி, இரண்டு வரியாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டுப் பேசப் போனால் அது கெஞ்சல், முதல் வாரத்தில் போனால் ஏற்பாடு.

கட்டணம் பற்றி ஒரு வரி சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கட்டும்: அரசு உத்தரவால் பத்து நாளுக்கு மேல் மூடினால் கட்டணம் இத்தனை சதவீதம், எத்தனை மாதம் வரை. மூடிய பிறகு சொன்னால் சண்டை. முன்பே எழுதியிருந்தால், முகம் சுளித்தாலும், கட்டுவார்கள்.

அரசுப் பணம் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நடுவில் நின்றது காகிதம் மட்டுமே. பதிவாகி மானியம் பெற்ற கிரெஷுக்கு அப்போது பிள்ளைக்கு நாளொன்றுக்கு 17 ராண்ட். 2025 பட்ஜெட்டில்தான் அது 24 ஆயிற்று. பதிவில்லாத பின்கட்டுக் கிரெஷுக்கு அதுவும் கிடையாது. டீச்சர்களுக்கு வந்திருக்க வேண்டிய டெர்ஸ் என்ற கொரோனா காலச் சம்பள உதவி, யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு இருந்தவர்களுக்குத்தான் எளிதில் கிடைத்தது. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிற எவரையும் யூஐஎஃப்பில் சேர்த்தாக வேண்டும். ஊழியர் 1 சதவீதம், முதலாளி 1 சதவீதம். 4,500 ராண்ட் சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்து 90 ராண்ட். அந்த 90ஐ மிச்சம் பிடித்தவர்கள் டீச்சர்களின் பல மாதச் சம்பளத்தை இழந்தார்கள். பிறகு, ஊழியருக்கு 4,470 ராண்ட் என்று வந்த ஒருமுறை உதவிக்கும் அடையாள அட்டை நகல், வங்கி விவரம் எல்லாம் வேண்டியிருந்தன. இவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரெஷ்கள் சமூக நலத்துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டன என்பதற்காகப் பழைய துறையின் கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கேட்பார்கள்.

சாப்பாடு. பல பிள்ளைகளுக்கு நாளின் நல்ல சாப்பாடே கிரெஷ் சாப்பாடுதான். கதவு மூடினாலும் அடுப்புக் கணக்கை மூட முடியாது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நாள் பொட்டலம் என்று நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு: அரிசி 500 கிராம், மீலி மீல் 500 கிராம், பருப்பு 250, சுகர் பீன்ஸ் (ஒரு வகைக் காய்ந்த பீன்ஸ்) 250, முட்டை 5, பீனட் பட்டர் 100 கிராம், எண்ணெய் 100 மில்லி, கிடைத்தால் பப்பாளி அல்லது ஆரஞ்சு. 30 பிள்ளைக்கு அரிசியும் மீலி மீலும் 15 கிலோ வீதம், பருப்பும் பீன்ஸும் ஏழரை கிலோ வீதம், முட்டை 30 வைத்த தட்டு ஐந்து. அந்தப் பழைய மானியம் 17 ராண்டில் 40 சதவீதம் உணவுக்கு என்றால் நாளுக்கு 6 ராண்ட் 80 சென்ட், ஐந்து நாளுக்கு 34. அது இந்தப் பொட்டலத்துக்குக் காணாது. மீதிக்குக் கோவில் கமிட்டியையும் தெருமுனைக் கடைக்காரரையும் கேட்கத்தான் வேண்டும். ஆடிக் கூழுக்கு அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றும் ஊரில் இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பொட்டலத்தில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, சுகர் பீன்ஸ். இரவே ஊறவைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். ப்ரீபெய்ட் மீட்டரில் கரண்ட் தீர்ந்த வீட்டில் அது அரைவேக்காடாக வயிற்றுக்குள் போகும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு பீன்ஸை நிறுத்தி மைசூர்ப் பருப்பைக் கூட்டிக் கொடுங்கள், 20 நிமிடத்தில் வெந்துவிடும். இரண்டாவது, பிள்ளைக்குக் கொடுத்தது பிள்ளைக்குப் போவதில்லை. அரிசியும் பருப்பும் வீட்டுப் பானைக்குள்தான் போகும். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. முட்டைக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஐந்து முட்டையிலும் பென்சிலால் பிள்ளையின் பெயரையும் கிழமையையும் எழுதிக் கொடுங்கள்: திங்கள், செவ்வாய் என்று. தன் பெயர் எழுதிய முட்டையை மூன்று வயதுப் பிள்ளை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. புரட்டாசியில் முட்டை புழங்காத வீடுகள் நம்மில் நிறைய. அந்த மாதம் அதற்குப் பதில் பீனட் பட்டரை இரட்டிப்பாக்கி அமாசி (புளித்த கெட்டிப் பால்) சேர்க்கலாம். முழு நிலக்கடலை மட்டும் வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும்.

கிரெஷ் மூடினால் பிள்ளை எங்கே போகும்? நர்ஸ், சூப்பர்மார்க்கெட் கேஷியர், செக்யூரிட்டி, இவர்கள் வேலை நிற்கவில்லை. பிள்ளை ஆயாவிடம் போயிற்று. சர்க்கரையும் பிரஷரும் உள்ள, நோய் முதலில் தாக்கும் அதே ஆயாவிடம். இல்லாவிட்டால் பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு அக்கா பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். 2005 சிறுவர் சட்டப்படி, பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஆறு பிள்ளைக்கு மேல் பார்த்தால் பதிவு வேண்டும். எங்கள் யோசனை: இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து, உடம்பு திடமாக இருக்கும் ஒருவரிடம், ஐந்து பிள்ளைக்கு மேல் போகாமல், அதே பிள்ளைகள் அதே ஆளிடம் என்று வைத்துக்கொள்வது. கிரெஷ் டீச்சர் தன் வீட்டிலிருந்தே அந்த ஆளுக்கு நாளில் ஒரு போன் போட்டால் பாதி ஆபத்து குறையும்.

மீதி ஆபத்து சமையல்கட்டில் இருக்கிறது. மண்ணெண்ணெயைக் கூல்டிரிங்க் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொரோனா காலத்தில் அந்தப் பக்கத்திலேயே இன்னொரு போத்தல் வந்து நின்றது, ப்ளீச் தண்ணீர். நல்லது என்று நினைத்துக் கிரெஷே கலந்து கொடுத்தனுப்பிய இடங்களும் உண்டு. தயவுசெய்து கூல்டிரிங்க் போத்தலில் எதையும் கொடுக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது; மண்ணெண்ணெய் திரும்ப மேலே வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வீட்டுப் பாடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோ அனுப்பாதீர்கள், டேட்டா தின்னும், யாரும் திறக்கமாட்டார்கள். இரவு ஏழு மணிக்கு, அம்மா வேலை முடிந்து வந்த பிறகு, 30 விநாடி குரல் செய்தி ஒன்று போதும்: டீச்சர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நாளைக்கு ரொட்டிப் பையின் கிளிப் பத்தை நிறம் பிரித்து வை என்று சொன்னால் போதும். ஆயாவிடம் இருந்த பிள்ளைகளில் சிலர் திரும்பி வரும்போது பத்து வரை தமிழில் எண்ணிக்கொண்டு வந்தார்கள். கிரெஷ் சொல்லிக்கொடுக்காத பாடம்.

திறக்கும்போது முதல் வேலை தண்ணீர். பல வாரம் குழாயில் தேங்கிய தண்ணீரை ஒவ்வொரு குழாயாக ஐந்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். கீசரை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிய பிறகே பயன்படுத்துங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் குடிநீர் நிலையம் சேதமாகி மாதக் கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாதபோது ஜோஜோ டாங்க் (தண்ணீர் சேமிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி) வைத்திருந்தவர்களால்தான் திறக்க முடிந்தது. சந்தேகமான தண்ணீரைக் குடிக்க வேண்டிவந்தால் 25 லிட்டருக்கு மணமில்லாத சாதா ஜிக் ப்ளீச் ஒரு டீஸ்பூன் ஊற்றி, மூடி, இரண்டு மணி நேரம் வையுங்கள். கலங்கிய தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டாவிட்டால் ப்ளீச் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கை கழுவ, இரண்டு லிட்டர் போத்தலின் மூடியில் சுட்ட ஆணியால் நாலு துளை போட்டுத் தலைகீழாகக் கட்டுங்கள். சோப்பைப் பழைய ஸ்டாக்கிங்கில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டால் தரையில் விழாது, காணாமலும் போகாது.

ப்ளீச் கலப்பதில்தான் அதிகத் தவறு. ஜிக்கின் வீரியம் 3.5 சதவீதம். மேஜை, கதவுப்பிடி, தரைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. வாயில் வைக்கும் பொம்மைக்கு 15 மில்லி, பத்து நிமிடம் ஊறிய பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வாந்தி, மலம், ரத்தம் பட்ட இடத்துக்கு ஒரு பங்கு ப்ளீச், ஆறு பங்கு தண்ணீர். முதலில் சோப்பு, பிறகுதான் ப்ளீச். அழுக்கின் மேல் ஊற்றினால் வீண். சுடுதண்ணீர் வேண்டாம், வீரியம் போகும். வினிகரோடும் அம்மோனியா கலந்த கிளீனரோடும் கலந்தால் விஷவாயு வரும். நேற்றுக் கலந்ததை இன்று கொட்டிவிடுங்கள். லேபிள் இல்லாத ஐந்து லிட்டர் கேனில் வரும் மலிவு ப்ளீச்சின் வீரியம் யாருக்கும் தெரியாது, எங்களுக்கு அதில் நம்பிக்கையில்லை.

சானிடைசரை நம்பியிருந்தவர்களுக்கு 2025 தொடக்கத்தில் டர்பனில் கை-கால்-வாய் நோய் பரவியபோது விஷயம் புரிந்தது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். கை-கால்-வாய் வைரஸுக்கு அந்த உறையே இல்லை. சோப்புக் கையும் ப்ளீச் துணியும்தான் வழி. பிள்ளை தேறிய பிறகும் மலத்தில் வாரக்கணக்கில் வைரஸ் இருக்கும், ஆகவே நாப்கின் மாற்றும் பாயை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். இதற்கெல்லாம் கிரெஷையே மூட வேண்டியதில்லை. காய்ச்சல் விட்டு, கொப்புளம் காயும்வரை அந்தப் பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

இடக் கணக்குக்கு வருவோம். விதிப்படி உள்ளே பிள்ளைக்கு 1.5 சதுர மீட்டர். 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறையில் 20 பிள்ளை. விளையாடும்போது சரி. தூங்கும்போது? 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் மெத்தைகளை ஒன்றுக்கொன்று எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் விட்டுப் போட்டுப் பாருங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, ஒன்பதோடு அறை நிறைந்துவிடும். எத்தனை பிள்ளையைத் திரும்பக் கூப்பிடலாம் என்பதைத் தூக்க நேரம்தான் முடிவு செய்கிறது. திறக்கும் முன் தரையில் சாக்பீஸால் மெத்தைகளை வரைந்து பாருங்கள். அடுத்து, வாசலில் நெற்றி தெர்மாமீட்டர். வெயிலில் நடந்து வந்த பிள்ளைக்கு 38 காட்டும், நாலு பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் அன்றே வாங்கிப் பாருங்கள். மூடியிருந்த மாதங்களில் 6 மாதம், 12 மாதம் தட்டம்மை ஊசியைத் தவறவிட்ட பிள்ளைகள் இருப்பார்கள்.

திறப்பதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா, யாருக்காவது வேலை போயிற்றா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா போன விஷயம் தெரியாமல் டீச்சர் சிரித்துக்கொண்டே தாத்தாவைப் படம் வரையச் சொல்லக் கூடாது. முதல் மூன்று நாள் 11 மணி வரை, அடுத்த இரண்டு நாள் மதியச் சாப்பாடு வரை, இரண்டாவது வாரம் முழு நாள். வாசலில் அழுகிற பிள்ளையிடம் அம்மா ஒளிந்து போகக் கூடாது; போய்வருகிறேன், சாப்பிட்ட பிறகு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், சொன்ன நேரத்துக்கு வரட்டும். கக்கூஸுக்குச் சொல்லப் பழகியிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். திட்ட வேண்டாம், மறுபடி நாப்கினும் வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். முதல் மாதம் ஒவ்வொரு பையிலும் ஜட்டி மூன்று, பெயர் தைத்து.